வியர்வை ஆறும்வரை நடக்கிறவர்

கோட்டக்குப்பம் யாஹ்யாவுக்கு நடப்பதுதான் பிழைப்பாக இருந்தது. ஷார்ஜாவில் ஒரு குதிரை லாயத்தில் இருந்த அத்தனை வருடத்திலும் அவர் ஒரு குதிரையின் முதுகிலும் ஏறியதில்லை. ஓட்டப் பயிற்சி முடித்து, நுரை தள்ளிக்கொண்டு வரும் குதிரையின் கயிறு அவர் கைக்கு வரும். மணல் போட்ட வட்டத்தில் அதை மெதுவாக நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓடி வந்த உடம்பை அப்படியே கொண்டுபோய்க் கட்டினால் தசை இறுகிப்போகும், வயிறு நோகும். ஆகவே மூச்சு இறங்கி, மேலில் வியர்வை ஆறும்வரை நடை. நடுநடுவே குதிரையின் முன்னங்கால்களுக்கு மேலே, நெஞ்சில், உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடும் ஈரமும் இருந்தால் இன்னொரு சுற்று. அந்த வேலையை அவர் 'ஆற நடத்துறது' என்று சொல்வார். அரபியிலும் ஆங்கிலத்திலும் அதற்கு என்ன பேரோ, அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முட்டி தேய்ந்த பிறகுதான் ஊர் திரும்பினார். வந்த முதல் வாரமே அவர் மனைவி ஷரீபா பீவி கேட்டுவிட்டார்: "இத்தினி வருஷம் அரபுக்காரன் குதிரையோட நடந்தீங்க. என்னோட பஜாருக்கு வரச்சொன்னா மட்டும் முட்டி வலிக்குதா?"

அவர் பஜாருக்கும் போனார், வலியும் இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில், புதுச்சேரிக் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைப் பெண் குதிரையை வாங்கி வந்து பின்கட்டில் கட்டினார். மெஹர் என்று பேர் வைத்தார். கொடுத்த விலைக்குக் கறவை மாடு வந்திருக்கும் என்று ஷரீபா சொல்லிக்கொண்டே அதற்குக் கொள்ளு வேகவைத்தார். மெஹர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போக ஆரம்பித்தது. வானூர், திண்டிவனம், விழுப்புரம் என்று எங்கே கூப்பிட்டாலும் மினி லாரியில் ஏற்றிப் போவார். காதடியில் சரவெடி வெடிக்கும், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். மெஹர் காதை மடக்கிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான்.

அப்படி நின்றதைப் பார்த்துத்தான் புனிதா வந்தார். அவர் தம்பி கல்யாணத்துக்குப் போன குதிரை அது. புனிதா நர்ஸ். திண்டிவனத்துக்கு வெளியே, ஓட்டம் நின்றுபோன ஒரு அரிசி ஆலையின் கட்டடத்தில், மறதி நோய் வந்த பெரியவர்களுக்குப் பகல் நேரக் காப்பகம் ஒன்றை நடத்துகிறார். காலையில் வீட்டார் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் அழைத்துப் போவார்கள். வெளிநாடுகளில் இந்த மாதிரி பெரியவர்களிடம் குதிரையைக் கொண்டுவந்து விடுகிறார்களாம். அவர்கள் அதைத் தேய்த்துவிடுவார்கள், தீனி கொடுப்பார்கள், கூட நடப்பார்கள். புனிதா அதைப் படித்திருந்தார், படங்களும் பார்த்திருந்தார். வாரத்துக்கு இரண்டு காலை வர முடியுமா என்று யாஹ்யாவைக் கேட்டார்.

"வந்தா சரியாயிடுமா சிஸ்டர்?" என்றார் யாஹ்யா.

"குணமாவும்னு நான் சொல்லல பாய். அன்னிக்கிப் பொழுது நல்லா போவும். கைக்கு ஒரு வேலை இருக்கும். அது போதும் எனக்கு."

இந்தப் பேச்சு யாஹ்யாவுக்குப் பிடித்தது. இல்லாததைச் சொல்லி அழைக்காத ஆள் என்று வீட்டில் வந்து சொன்னார்.

காப்பகத்தில் அப்போது புனிதாவுக்குக் கவலை கொடுத்துக்கொண்டிருந்தவர் கெங்கம்மாள். கண்டாச்சிபுரம் பக்கம் சொந்த நிலத்தில் கேப்பையும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். புருஷன் போனபின், மறதியும் முற்றியபின், மகள் இளவரசி திண்டிவனத்தில் தன்னோடு வைத்துக்கொண்டார். இளவரசிக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. அம்மாவைக் காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போவார். ஐப்பசி மழையில் கெங்கம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, நடக்க வையுங்கள் என்று அனுப்பினார்கள். எலும்பில் இல்லாத முறிவு எங்கேயோ இருந்தது. எழுப்பி நிறுத்தினால் இரண்டு காலையும் நட்டு வைத்த கம்பம் மாதிரி ஊன்றிக்கொண்டு, இழுத்தாலும் அசையமாட்டார். இரண்டு பேர் தூக்கித்தான் நாற்காலியில் வைக்க வேண்டும்.

காப்பகத்தில் இருந்த உதவியாளர்களே இரண்டு பேர். ஒருவர் கையைப் பிடித்து நடக்கக்கூடியவர்களைத்தான் அங்கே வைத்துக்கொள்ள முடியும். புனிதா இதை இளவரசியிடம் மறைக்கவில்லை. தை பிறக்கும்வரை பார்ப்போம், அதற்குள் அடி எடுத்து வைக்கவில்லை என்றால் வீட்டிலேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் இளவரசி வேலையை விட வேண்டும். சென்னையில் இருக்கும் அண்ணன், படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கும் இல்லம் ஒன்று தாம்பரம் பக்கம் இருக்கிறது, அங்கே போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்டுவிடலாம் என்ற அந்த வார்த்தை இளவரசிக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் யாஹ்யா முதல் தடவையாகப் போனார். பெரியவர்கள் இருக்கிற இடத்துக்குப் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டும் என்று அவர் எண்ணம். மெஹரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். கல்யாணத்துக்குப் போடும் சிவப்பு வெல்வெட் துணி, நெற்றியில் ஜரிகைப் பட்டை, தலையில் இறகுக் கொத்து, காலில் சலங்கை. நெல் காயவைக்கும் களத்தின் நடுவில், வெயிலில் பளீரென்று கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளைக் குதிரை ஜோடனையோடு நிற்கிறது என்றால் அது ஏரிக்கரையில்தான் நிற்கும். அய்யனார் ஏறி ஊரைச் சுற்றி வரும் குதிரை அது. நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புனிதா கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். சாமி குதிரைக்கு யார் முதுகு தேய்ப்பது? அந்தக் காலத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த விருத்தாசலம் ஒருவர்தான் தைரியமாகக் கிட்டே வந்தார். விரலில் எச்சில் தொட்டுச் சீட்டுக் கிழிப்பது போலச் செய்து, "குதிரைக்கு லக்கேஜ். உனக்கு ஃபுல்லு. எங்க எறங்கணும்?" என்று யாஹ்யாவைக் கேட்டார். யாஹ்யா கோட்டக்குப்பம் என்றார். இந்த வண்டி அங்கே போகாது என்றார் விருத்தாசலம்.

கெங்கம்மாள்தான் மோசம். சலங்கைச் சத்தம் கேட்டதுமே நாற்காலியில் குறுகினார். "பொங்கல் வெக்கிலியே, இன்னும் பொங்கல் வெக்கிலியே" என்று சொல்லிச் சொல்லி உடம்பெல்லாம் நடுங்கினார். எந்தப் பொங்கல், யார் வைக்காதது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போனபின்னும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து களத்துப் பக்கம் நாற்காலியைத் திருப்பினாலே அலறினார். நடக்காதவர், இப்போது வெளியேயும் வராதவர் ஆனார்.

யாஹ்யா அன்று மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவன், ஏரிக்கரைக் குதிரையைப் பார்க்காதவனா நான், இது எப்படித் தோணாமல் போயிற்று என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஷரீபா தட்டை அவர் பக்கம் தள்ளினார். "மாப்பிள்ள ஊர்வலத்துக்குப் போறாப்ல போனா கும்புடாம என்னா பண்ணுவாங்க? நம்ம ரோட்டாண்ட செம்மண்ணுல நாலு பொரளு பொரளட்டும். அப்புறம் இட்டுக்கினு போங்க. எந்தச் சாமியும் அதும்மேல ஏறாது. கை நீட்டித் தொடைக்கத்தான் தோணும்."

கேலியாகத்தான் சொன்னார். யாஹ்யா தட்டை இழுத்துக்கொண்டார். சாப்பிட்டார்.

அடுத்த முறை வந்தது வேறு குதிரை. வானூர்ச் செம்மண் முதுகிலிருந்து வயிறுவரை அப்பியிருந்தது. துணியில்லை, இறகில்லை, சலங்கையில்லை. தலையில் ஒரு பருத்திக் கயிறு. காதுக்குள்கூட மண். காப்பகத்துப் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில், இதை யார் இப்படி வைத்திருப்பது என்று யாஹ்யாவைத் திட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் கேட்டார்கள், வைக்கோல் கேட்டார்கள். புனிதா கையில் கொடுக்குமுன்பே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்கள். வாரம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெரியவர், மெஹரின் கழுத்தைத் தேய்த்தபடி அதனிடம் ஏதோ நிலத்தகராறு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஹர் ஒரு காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது.

இதெல்லாம் நடந்தது களத்தில். கெங்கம்மாள் உள்ளே, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

யாஹ்யா அவரிடம் போகவில்லை. இது எல்லோருக்கும் வராத குணம். தவறு செய்தவனுக்கு அதை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று ஒரு பதற்றம் இருக்கும். அந்தப் பதற்றத்தில் மறுபடி பயமுறுத்திவிடுவான். யாஹ்யா தன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தார். லாரியில் குலுங்கி வந்ததில் மெஹருக்கு வேர்த்திருக்கும். ஆகவே யாரையும் கிட்டே விடுமுன் அதை ஆற நடத்துவார். சிமென்ட் களத்தில் குளம்பு வழுக்காமல் இருக்க மண் கொட்டச் சொல்லியிருந்தார். அந்த மண்ணில் வட்டம் வட்டமாக நடை. நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பது, இன்னொரு சுற்று. கயிறு தொய்வாகத்தான் இருக்கும். இழுக்கவே மாட்டார். அவர் தோளுக்கு நேராக அதன் கழுத்து வரும். முட்டி வலிக்கிற காலைக் கொஞ்சம் சாய்த்து வைப்பார். குதிரையும் அதற்கேற்ப மெதுவாகும். இரண்டு வயதானவர்கள் பேசிக்கொண்டு போவது போல இருக்கும்.

மார்கழி நடுவில் ஒரு நாள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கெங்கம்மாள் எப்போது திரும்பி உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"யேம்பா, ஒத்த மாட்ட வெச்சிக்கினா களத்த சுத்துவாங்க?"

யாஹ்யா நடையை நிறுத்தவில்லை. "வேற மாடு இல்லம்மா."

"கதிர ஒதறி வுடறது யாரு?"

"அதுக்கும் ஆள் இல்லம்மா."

கெங்கம்மாள் உச்சுக்கொட்டினார். ஆள் இல்லாமல் களத்தில் கதிரைப் போட்டவன் என்ன விவசாயி என்பது போல ஒரு முகம். களத்தில் கதிரைப் பரப்பி, அதன்மேல் மாடுகளைச் சுற்றிவிட்டு மிதிக்க வைத்த காலம் அவர் கண்முன் ஓடியிருக்க வேண்டும். செம்மண் பூசிய மெஹர் அவருக்கு மாடாகிவிட்டது. புனிதா யாஹ்யாவைப் பார்த்தார். யாஹ்யா அடுத்த சுற்றிலிருந்து வட்டத்தை ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்.

அடுத்த முறை கெங்கம்மாளைக் கதவருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அலறவில்லை. அதற்கடுத்த முறை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நின்றதோடு சரி. கால் பெயரவில்லை. "ஓட்டுப்பா, ஓட்டு" என்று அங்கிருந்தே அதட்டினார். இதற்குள் போகி கிட்டே வந்துவிட்டது. இளவரசி அண்ணனிடம் பேசிவிட்டதாகவும், பொங்கல் முடிந்து அவர் கார் எடுத்துக்கொண்டு வருவதாகவும் புனிதாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அம்மா நிற்கிறாராமே, அது கணக்கில் வராதா என்று கேட்டார். நிற்பது நடப்பதாகாது என்று சொல்ல புனிதாவுக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னார்.

பொங்கலுக்கு முன் கடைசியாக யாஹ்யா வரவேண்டிய காலையில் நல்ல பனி. லாரி மெதுவாகத்தான் வந்தது. மெஹருக்குத் துளி வியர்வை இல்லை. முந்தின இரவு ஒரு நிக்காஹ் ஊர்வலத்தில் நின்று நின்று யாஹ்யாவின் முட்டி வீங்கியிருந்தது. குதிரைக்கு வேர்க்காதபோது ஆற நடத்த வேண்டிய அவசியமும் இல்லை. நேராக நிழலில் கட்டிவிட்டார். பெரியவர்கள் தேய்க்க ஆரம்பித்தார்கள். விருத்தாசலம் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கெங்கம்மாள் கதவில் எழுந்து நின்று பார்த்தார். களம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் தேடினார். பிறகு வேலை முடிந்துவிட்டது என்பது போல மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

யாஹ்யா அதைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார்.

காய்ந்த குதிரையை எதற்கு நடத்துகிறீர்கள், உங்கள் கால் இருக்கிற நிலையில் என்று புனிதா கேட்டதற்கு, சும்மாதான் என்றார். வட்டம் ஆரம்பித்தது. அன்றைக்கு அவர் எத்தனை சுற்று போனார் என்று யாரும் எண்ணவில்லை. பெரியவர்கள் தேய்க்கக் குதிரையில்லாமல் பிரஷ்ஷோடு நின்று பார்த்தார்கள். பனி விலகி வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் கதவைத் தாண்டும்போது யாஹ்யா பாதி தனக்குத்தானே, "ஆள் இல்லாம கஷ்டமாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போனார். அதில் நடிப்பும் இல்லை. முட்டி அப்படித்தான் இருந்தது.

கெங்கம்மாள் எழுந்தார். உதவியாளர் ஒரு கையைப் பிடித்தார். கால் தரையில் தேய்ந்தது, பிறகு பெயர்ந்தது. வாசற்படி ஒன்றுதான். அதில் நின்று யோசித்தார். இறங்கினார். மண்ணில் கால் பட்டதும் உதவியாளரின் கையை உதறிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக மெஹரின் பின்பக்கம் போனார். களத்தில் மாடு ஓட்டுகிறவர் பின்னால்தானே போவார். கையை ஓங்கிக்கொண்டே, "ஹை... ஹை" என்று அதட்டியபடி அதன் வாலுக்கு ஒரு முழம் தள்ளி நடந்தார்.

குதிரைக்குப் பின்னால் ஆள் வரக்கூடாது என்பதை யாஹ்யா முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பின்னங்காலுக்குக் கண் தெரியாது. மெஹரின் காது பின்னால் மடங்கியது. புனிதா ஓடிவரப் பார்த்தார். யாஹ்யா இன்னொரு கையைத் தாழ்த்தி, வேண்டாம் என்று காட்டினார். நிறுத்தவும் இல்லை, வேகமாக்கவும் இல்லை. அதே நடை. மெஹரின் கழுத்தில் கையை வைத்து, சரவெடிக்கு முன்னால் அதனிடம் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிறகு திரும்பாமலேயே கெங்கம்மாளிடம் பேசினார்.

"அம்மா, இது புது மாடு. பின்னால ஓட்டுனா போவாது. முன்னால வந்து கயித்தப் புடிங்க."

"மூக்கணாங்கயிறு எங்க?"

"இன்னும் குத்தலம்மா."

"மூக்கு குத்தாத மாட்ட களத்துக்கு ஓட்டிக்கினு வந்திருக்கான் பாரு." கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வட்டத்துக்கு வெளியே ஒதுங்கி, பக்கவாட்டில் நாலு எட்டு விரைந்து வந்து, யாஹ்யா நீட்டிய கயிற்றை வாங்கினார்.

மெஹரின் காது நிமிர்ந்தது. யாஹ்யா மற்றப் பக்கம் போய்க்கொண்டார். புனிதா வந்து கெங்கம்மாளின் முழங்கையை ஒட்டி நடந்தார், தொடவில்லை. அவர்கள் அப்படியே சுற்றினார்கள். நடுவில் கெங்கம்மாள் களைத்து நின்றபோது, யாஹ்யா அவர் கையை எடுத்து மெஹரின் நெஞ்சில் வைத்தார். வெயிலில் நடந்ததில் அது இலேசாக ஈரமாகியிருந்தது.

"ஆறியிருக்காம்மா?"

கெங்கம்மாள் உள்ளங்கையைப் பார்த்தார். "எங்க ஆறிச்சி? நடத்து."

எல்லாம் முடிந்து குதிரையைக் கட்டியபின் புனிதா யாஹ்யாவைத் தனியே பிடித்துக்கொண்டார். உதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். உதைத்திருக்கலாம் என்று யாஹ்யா ஒத்துக்கொண்டார். நின்றிருந்தாலோ, சத்தம் போட்டிருந்தாலோ மெஹர் மிரண்டிருக்கும், அதனால் நடையை விடவில்லை, மீதி அல்லா பார்த்துக்கொண்டது என்றார். அன்றைக்கே இரண்டு பேரும் பேசி, கெங்கம்மாள் களத்தில் இறங்கினால் ஒரு ஆள் அவர் பின்னாலேயே ஒட்டி வரவேண்டும், யாஹ்யா கயிற்றின் நடுப்பகுதியை விடவே கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

சாயங்காலம் இளவரசி வந்தபோது அம்மாவின் பாதத்தில் மண் இருந்தது. விரலிடுக்கில் காய்ந்த செம்மண். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். புனிதா கெங்கம்மாளின் கையை இளவரசியின் கையில் கொடுத்து, ஆட்டோ வாசலில்தான் நிற்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். போனார்கள். ரொம்ப நேரம் ஆனது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

ஆட்டோவில் கெங்கம்மாளுக்குக் குதிரை ஞாபகம் இல்லை. களத்தில் ஒரு ஆள் நொண்டிக் காலோடு நாளெல்லாம் நடந்தான், கூலி அளந்து போட்டாயா என்று மகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். போட்டேன் என்று சொன்னால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். இளவரசி அன்று இரவே அண்ணனுக்குப் போன் செய்து, கார் எடுத்துக்கொண்டு வரவேண்டாம், பொங்கலுக்கு வருவதானால் பஸ்ஸில் வா என்று சொன்னார்.

பொங்கல் கழிந்து இளவரசி ஒரு பையில் கேப்பை கொண்டுவந்து யாஹ்யாவிடம் கொடுத்தார். அம்மா கேட்டால் போட்டாயிற்று என்று பொய் சொல்ல முடியவில்லை பாய் என்றார். யாஹ்யா வீட்டுக்கு எடுத்துப்போனதும் ஷரீபா பையைத் திறந்து பார்த்தார். "ஃபாரின்ல சம்பாதிச்சவரு இப்ப களத்துக் கூலி வாங்கிக்கினு வந்திருக்காரு" என்றார். கூழ் காய்ச்சினார். நன்றாக இருந்தது.

கெங்கம்மாளின் மறதி குறையவில்லை, கூடிக்கொண்டுதான் இருக்கிறது. மகளை ஒரு நாள் தெரிகிறது, ஒரு நாள் தெரியவில்லை. யாஹ்யாவை ஒரு நாளும் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் கதவில் நின்று, யாருப்பா நீ என்று கேட்பார். களத்து ஆள் அம்மா என்று இவர் சொல்வார். ஒற்றை மாட்டுக்காகத் திட்டு விழும். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு படி இறங்குவார்.

எப்போது நிறுத்துவது என்பது மட்டும் இப்போது யாஹ்யாவின் கையில் இல்லை. மெஹர் ஆறி வெகுநேரம் ஆகியிருக்கும். அவர் முட்டி கெஞ்சும். ஆனாலும் கெங்கம்மாள் அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, "ஆறிடுச்சி, கட்டுப்பா" என்று சொல்லும்வரை அவர் நடந்துகொண்டே இருக்கிறார்.